அதற்கு நான் எப்படித் தெரிந்தேன்? பிராணிகளின் புலன்கள் பற்றிய கேள்வி பதில்

ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமேற்று மேசையில் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தை, டி.எம். ஆக, அதாவது கதையையும் எதிரிப் பிராணிகளையும் நடத்துபவராக, பன்னிரண்டு ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். என் மேசையில் மூண்ட சண்டைகளில் பெரும்பாலானவை ஒரே கேள்வியில் தொடங்கியவை: "இருட்டில்தானே நின்றேன், அதற்கு நான் எப்படித் தெரிந்தேன்?" அதனால் இன்றைய அமர்வு பிராணிகளின் புலன்கள் பற்றி மட்டும். ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளை வைத்துப் பேசுகிறேன். 2024 திருத்தத்தில் மாறியிருந்தால் சொல்லிவிடுகிறேன். தூரமெல்லாம் அடிக்கணக்கு, வரைபடத்தில் ஒரு கட்டம் 5 அடி. சாதகம் என்று எழுதினால் இருபது முகப் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது. பாதகம் என்றால் சிறிய எண்ணை எடுப்பது. கேட்கும்போது எந்தப் பிராணி, எந்தப் பதிப்பு என்று சேர்த்துக் கேளுங்கள்.

புதுப்பகடை: அக்கா, டார்க்விஷன், பிளைண்ட்சைட், ட்ரெமர்சென்ஸ், ட்ரூசைட் என்று நான்கு இருக்கின்றன. எல்லாமே "இருட்டில் தெரியும்" என்பதுதானே? எதற்கு நான்கு பெயர்?

பதில்: இல்லை தம்பி, நான்கும் நான்கு வேலை. ஒரு புலனைப் பார்த்ததும் மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். எதன் வழியாக உணர்கிறது? எவ்வளவு தூரம்? உணர்ந்தால் என்ன தெரிகிறது: ஏதோ இருக்கிறது என்பதா, எங்கே இருக்கிறது என்பதா, என்ன இருக்கிறது என்பதா?

டார்க்விஷன் வெறும் கண்தான். ஒளி குறைந்தாலும் வேலை செய்யும் கண். கண்ணைக் கட்டினால் போய்விடும்; சுவருக்கும் மூடுபனிக்கும் அப்பால் பார்க்காது. பிளைண்ட்சைட்டுக்குக் கண்ணே தேவையில்லை. வௌவால் எதிரொலியால் உணர்கிறது. டிராகனுக்குக் கூர்த்த புலன்கள். கூழ்ப் பிராணிகளுக்குக் கண்ணே கிடையாது. ட்ரெமர்சென்ஸ் அதிர்வை உணர்வது. பிராணியும் நீங்களும் ஒரே தரையையோ ஒரே பொருளையோ தொட்டுக்கொண்டிருந்தால்தான் பலிக்கும். பறப்பவரும் உடலற்ற ஆவியும் அதற்குச் சிக்க மாட்டார்கள். ட்ரூசைட் எல்லாவற்றுக்கும் மேல்: மந்திர இருட்டு, கண்ணுக்குத் தெரியாத உருவம், மாயத்தோற்றம், உருமாறியவரின் உண்மை வடிவம், ஈதர் உலகம்வரை அதற்குத் தெரியும்.

இன்றைக்குப் பலமுறை சொல்லப்போகும் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். கண்ணுக்குத் தெரியாமல் இருப்பது வேறு, ஒளிந்திருப்பது வேறு. மந்திரத்தால் மறைந்தவர் காலடி ஓசை எழுப்பினால் எங்கே நிற்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். அடிப்பவருக்குப் பாதகம், அவ்வளவுதான். இருக்கும் இடமே தெரியக்கூடாது என்றால் ஒரு செயலைச் செலவிட்டு ஒளிய வேண்டும்.

நிலவறைவாசி: எங்கள் குழுவில் நால்வருக்கும் டார்க்விஷன் உண்டு. தீப்பந்தம் எதற்கு என்று விட்டுவிட்டோம். டி.எம். எங்களைப் பொறிக்குழியில் தள்ளிவிட்டார். இது நியாயமா?

பதில்: நியாயம்தான். உங்கள் டி.எம். விதியைப் படித்திருக்கிறார். டார்க்விஷன் முழு இருட்டை மங்கல் ஒளியாகக் காட்டுகிறது, பகலாகக் காட்டுவதில்லை. மங்கல் ஒளியில் கண்ணை நம்பிச் செய்யும் கவனிப்புக்குப் பாதகம் உண்டு. பகடை உருட்டாமல் பார்க்கும் இயல்பான கவனிப்பெண்ணில் 5 குறையும். உங்கள் குள்ளருக்கு அந்த எண் 13 என்று வையுங்கள். தீப்பந்தம் இல்லாத சுரங்கத்தில் அது 8. தரையில் ஒரு கயிறு இழுத்துக் கட்டியிருக்கிறது. அதைக் கவனிக்க 10 வேண்டும். ஒளியோடு வந்திருந்தால் கயிற்றைத் தாண்டி நடந்திருப்பார். இருட்டில் வந்ததால் கயிறு காலில் சிக்குகிறது. நிறமும் தெரியாது, எல்லாம் சாம்பல் நிறம். சிவப்பு மருந்துக் குப்பியையும் பச்சைக் குப்பியையும் இருட்டில் பிரித்தறிய முடியாது.

டார்க்விஷன் பகல் பார்வை அல்ல. தீப்பந்தம் ஏற்றினால் எதிரி உங்களைத் தொலைவிலேயே பார்த்துவிடுவான். ஏற்றாவிட்டால் பொறி உங்களுக்குத் தெரியாது. இந்த இரண்டில் எதை இழப்பது என்று குழு கூடிப் பேசுகிற அந்த இரண்டு நிமிடம்தான் நிலவறை ஆட்டத்தின் சுவை.

கூழ்க்கட்டி: கூழால் ஆன கனசதுரப் பிராணியான ஜெலட்டினஸ் கியூபுக்குக் கண் இல்லை. எங்கள் திருடன் மறைவு மந்திரத்தோடு பக்கத்தில் போனான். டி.எம். கியூபை வைத்து வழக்கம்போல், பாதகமில்லாமல் அடித்தார். சரியா?

பதில்: சரி. அதற்கு 60 அடிக்கு பிளைண்ட்சைட். கண்ணுக்குத் தெரியாமை என்பது கண் உள்ளவற்றுக்கு எதிரான கவசம். ஆனால் விதிநூலில் அதன் குறிப்பில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்: "இந்தச் சுற்றளவுக்கு அப்பால் குருடு." 65 அடியில் நின்று வில்லை வளைப்பவர் அதற்கு இல்லவே இல்லை, உங்களைக் காண முடியாத ஒன்றை நீங்கள் சாதகத்தோடு அடிக்கிறீர்கள். அதன் வேகமோ ஒரு சுற்றுக்கு 15 அடி. நீண்ட தாழ்வாரமும் இரண்டு வில்லும் இருந்தால் அதை அண்டவிடாமலேயே முடிக்கலாம். எந்தப் பிராணிக்கு அந்த வரி உண்டு, எதற்கு இல்லை என்பதை டி.எம். முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

கருங்காக்கை: என் டார்க்விஷனால் டார்க்னெஸ் மந்திரம் உண்டாக்கும் இருட்டுக்குள் பார்க்க முடியுமா?

பதில்: முடியாது. சாத்தான்களின் பார்வைக்கும், டெவில்ஸ் சைட் என்ற திறன் பெற்ற வார்லாக் என்னும் மந்திரவாதிக்கும் முடியும். அந்த வார்லாக்குக்கும் மூடுபனிக்குள் தெரியாது, பனி இருட்டல்ல.

வெண்கலச்செவி: ராட்சத வௌவால் கூட்டத்தின்மேல் சைலன்ஸ் மந்திரம் போட்டேன். டி.எம். "பிளைண்ட்சைட் பிளைண்ட்சைட்தான், ஒன்றும் ஆகாது" என்றார். எனக்கு ஏற்கவில்லை.

பதில்: எனக்கும் ஏற்கவில்லை. விதியும் உங்கள் பக்கம்தான். வௌவாலின் குறிப்பில் எதிரொலி என்று தனியாக ஒரு கூறு உண்டு: செவிடாகிவிட்டால் பிளைண்ட்சைட்டைப் பயன்படுத்த முடியாது. சைலன்ஸ் மந்திரம் 20 அடி ஆரமுள்ள ஒரு கோளம். அதற்குள் இருப்பவை எல்லாம் செவிடு. ஆக அந்த வௌவால்கள் இருட்டுக் குகையில் அந்த நொடியிலிருந்து குருடு.

இந்த விதியை எழுதியவர்கள் இயற்கையைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். 1790-களில் இத்தாலியில் ஸ்பல்லன்சானி, கண்பார்வை இழந்த வௌவால்கள் எதிலும் மோதாமல் பறப்பதைக் கண்டார். சுவிட்சர்லாந்தில் லூயி ஜூரீன் வௌவாலின் காதை அடைத்துப் பார்த்தார். அவை தடுமாறி மோதின. காதால் எப்படிப் பார்க்க முடியும் என்று அன்றைக்கு யாருக்கும் விளங்கவில்லை. மனிதக் காதுக்கு எட்டாத ஒலியை வௌவால் எழுப்புகிறது என்பதை 1938-இல் டொனால்ட் கிரிஃபினும் பியர்ஸும் கருவி வைத்துக் காட்டினார்கள். உங்கள் சைலன்ஸ் மந்திரம் ஜூரீன் செய்த வேலையைத்தான் செய்கிறது.

இன்னொரு நுட்பம். வௌவால் கோளத்துக்கு வெளியே இருக்கிறது, நீங்கள் உள்ளே நிற்கிறீர்கள். வௌவால் செவிடாகவில்லை; எழுத்துப்படி அதன் புலன் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த மந்திரம் ஒலியை உள்ளேயும் விடாது, ஊடுருவவும் விடாது. அனுப்பிய ஒலி திரும்பவே இல்லை என்றால் வௌவாலுக்கு அங்கே என்ன இருக்கும்? என் மேசையில் அதை ஒரு பெரிய ஓட்டையாக விவரிப்பேன்: குகையின் நடுவில் சுவரும் இல்லாமல் வெளியும் இல்லாமல் ஒரு வெறுமை. உள்ளே இருப்பவரை அது குறிவைக்க முடியாது; ஆனால் அங்கே ஏதோ சரியில்லை என்பது அதற்குத் தெரியும்.

எல்லா பிளைண்ட்சைட்டும் காதைச் சார்ந்தது என்று நினைத்துவிட வேண்டாம். கிரிம்லாக் என்ற குகைப் பிராணிக்குக் காதும் மூக்கும் இரண்டும் அடைபட்டால்தான் போகும். செவிடானால் மட்டும் 30 அடி 10 அடியாகச் சுருங்கும். கில்லர் வேல் திமிங்கிலத்துக்கு 120 அடி, அதுவும் காதால். டிராகனுக்கு அப்படி எந்த நிபந்தனையும் எழுதப்படவில்லை. டிராகனை சைலன்ஸ் போட்டுக் குருடாக்கப் பார்க்காதீர்கள்.

நம் ஊர் மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பெரிய பழந்தின்னி வௌவால் எதிரொலியை நம்புவதில்லை. கண்ணாலும் மூக்காலும் பழத்தைத் தேடுகிறது. விதிநூல் சொல்லும் வௌவால் பூச்சி பிடிக்கும் சிறிய வகை.

பழையபதிப்பு: எங்கள் காலத்தில் இன்ஃப்ராவிஷன் இருந்தது. வெப்பத்தைப் பார்ப்பது. அதை ஏன் எடுத்தார்கள்?

பதில்: ஐயா, நல்ல கேள்வி கேட்டீர்கள். 2000-இல் மூன்றாம் பதிப்பு வந்தபோது அதைக் கைவிட்டு டார்க்விஷனைக் கொண்டுவந்தார்கள். வெப்பப் பார்வை என்றால் ஒவ்வொரு காட்சியிலும் இயற்பியல் வகுப்பு நடத்த வேண்டியிருக்கிறது. உடல் குளிர்ந்த பிணப்பேய் தெரியுமா, வெயிலில் காய்ந்த பாறை மனிதனை மறைக்குமா, தீப்பந்தம் கூசுமா? ஆட்டம் நின்றுவிடும். ஆனாலும் எனக்கு அதன்மேல் ஆசை உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையில் வாழும் மூங்கில் குழிவிரியனுக்குக் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் இடையில் ஒரு குழி இருக்கிறது. அதனுள்ளே மெல்லிய ஒரு சவ்வு. எலியின் உடல்சூடு அந்தச் சவ்வில் படுகிறது. பாம்பு இருட்டில் குறி தவறாமல் கொத்துகிறது. நல்லபாம்புக்கு இந்தக் குழி கிடையாது. ஐந்தாம் பதிப்போ எல்லாப் பாம்புக்கும் 10 அடி பிளைண்ட்சைட் என்று எழுதி முடித்துவிட்டது. நான் குழிவிரியன் வகைப் பாம்பை மேசைக்குக் கொண்டுவந்தால், உடல் முழுக்கச் சேறு பூசி வருபவரை முதல் சுற்றில் தவறவிடும் என்று வைத்துக்கொள்வேன். இது விதியில் இல்லை. என் மேசை வழக்கம்.

மோப்பக்காரன்: வேட்டைநாய் என்னை மோப்பம் பிடித்தால் நான் ஒளிய முடியாதா?

பதில்: முடியும். கூர்மோப்பம் என்பது மூக்கால் செய்யும் கவனிப்புக்குச் சாதகம் தருகிறது; அது பிளைண்ட்சைட் அல்ல. மூன்றாம் பதிப்பில் இதற்கு அழகான விதி இருந்தது. மோப்பம் 30 அடி. இரையிடமிருந்து காற்று பிராணியை நோக்கி வீசினால் 60 அடி. எதிர்த்திசையில் வீசினால் 15 அடி. அருகில் யாரோ இருக்கிறார் என்று மட்டும் தெரியும்; சரியான இடம் 5 அடிக்குள் வந்தால்தான் தெரியும். காட்டு ஆட்டங்களில் அந்தக் காற்றுக் கணக்கை இன்றும் எடுத்து வைத்துக்கொள்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் ஒரு பகடையை உருட்டிக் காற்றின் திசையை வரைபடத்தில் அம்புக்குறியாகப் போட்டுவிடுவேன். வீரர்கள் அந்த அம்பைச் சுற்றிச்சுற்றி நடப்பார்கள்.

இரும்பைத் தின்னும் ரஸ்ட் மான்ஸ்டரின் மூக்கு வேறு கதை. 30 அடிக்குள் இரும்பு எங்கே இருக்கிறது என்பது அதற்குத் துல்லியமாகத் தெரியும். உங்களைத் தெரியாது, உங்கள் வாளைத் தெரியும். வாளை வீசி எறிந்துவிட்டு நகர்ந்து பாருங்கள்.

கல்தச்சன்: ஆங்கெக் என்ற ராட்சதப் பூச்சி மண்ணுக்கடியில் இருக்கிறது, 60 அடி ட்ரெமர்சென்ஸ். என் வீரர் அசையாமல் நின்றார். அதற்குத் தெரியக்கூடாது என்கிறேன். விதி அதிர்வு என்றுதானே சொல்கிறது? அசைவில்லாமல் அதிர்வு ஏது?

பதில்: இதற்காகத்தான் காத்திருந்தேன். 2014 வாசகத்தின்படி உங்கள் வாதத்தில் வலு இருக்கிறது. அந்தப் புலன் கண்டுபிடிப்பது அதிர்வின் பிறப்பிடத்தை.

சிறுவயதில் தாத்தா வீட்டுத் திண்ணைக்குக் கீழே, மழை படாத பொடிமண்ணில் குழியானைகள் குழி தோண்டி வைத்திருக்கும். ஓர் எறும்பைப் பிடித்துக் குழியின் விளிம்பில் விடுவேன். எறும்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். அடியில் ஒன்றும் நடக்காது. எறும்பின் ஒரு கால் சறுக்கி நான்கைந்து மணல் பரல் உருளும். அடுத்த கணம் அடியிலிருந்து மண் விசிறியடிக்கும், ஒரு முறை, இரண்டு முறை. எறும்பு மண்ணோடு சரிந்து போகும். குழியானைக்கு எறும்பு தெரியவில்லை. மணல் உருண்டதுதான் தெரிந்தது. அதை மனத்தில் வைத்துத்தான் பல ஆண்டுகள் ஆங்கெக்கை நடத்தினேன்.

உறைபனி: மன்னிக்கவும் அக்கா, இது தவறு. 2024 வாசகத்தைப் படியுங்கள். "உயிர்களையும் அசையும் பொருள்களையும்" என்று இருக்கிறது. அசைய வேண்டும் என்ற நிபந்தனை பொருள்களுக்குத்தான். உயிர் என்றால் நின்றாலும் தெரியும்.

கல்தச்சன்: அசையும் என்ற சொல் இரண்டுக்கும் பொருந்தும். உயிர்களும் பொருள்களும் அசைந்தால் என்றுதான் படிக்க வேண்டும்.

உறைபனி: அப்படியென்றால் "அசையும் உயிர்களையும் பொருள்களையும்" என்று எழுதியிருப்பார்கள். சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

பதில்: உறைபனி சொல்வது சரி. 2024 விதிப்படி ஆடினால் விவாதமே இல்லை: தரையைத் தொட்டு நிற்கும் உயிர் அகப்படும். நான் பேசியது 2014-ஐப் பற்றி.

உறைபனி: 2014-இலும் அகப்படும் என்பேன். அசையாமல் நிற்கும் மனிதன் என்று ஒருவன் கிடையாது. நின்றுகொண்டிருக்கும் உடல் எந்நேரமும் முன்னும் பின்னும் மெல்ல ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. பாதம் அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறது. மூச்சு வேறு. இதயம் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் உடல் நுண்ணளவில் அதிர்கிறது, அதை அளக்கும் கருவியே மருத்துவத்தில் உண்டு.

கல்தச்சன்: அதை 60 அடி மண்ணைத் தாண்டி ஒரு பூச்சி உணருமா?

பதில்: இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று. அமெரிக்காவின் மோஹாவி பாலையில் வாழும் மணல்தேள் இரவில் இரையை மணலின் அதிர்வால்தான் தேடுகிறது. ஃபிலிப் பிரௌனெல் 1977-இல் இதை ஆராய்ந்து எழுதினார். தேளின் எட்டுக் கால்களும் வட்டமாக ஊன்றியிருக்கின்றன. எந்தக் காலில் அலை முதலில் படுகிறதோ அந்தத் திசைக்குத் தேள் திரும்புகிறது. ஆனால் அது செய்வதெல்லாம் மிகக் குறுகிய தூரத்துக்குள், அதுவும் இரை அசையும்போது. ஆகவே இயற்கையைச் சாட்சிக்கு அழைத்தால் கல்தச்சன் வெல்கிறார். ஆனால் ஆங்கெக் தேள் அல்ல. விதியில் 60 அடி என்று எழுதிய பிறகு அது 60 அடிதான். வேண்டும்போது இயற்கையையும் வேண்டாதபோது விதியையும் பிடிப்பது எந்த மேசைக்கும் நல்லதில்லை. மேலே குழிவிரியனுக்கு நான் செய்ததும் அதே தவறாகிவிடக்கூடாது என்பதால்தான், அது என் வழக்கம் என்று தனியே குறித்தேன்.

கல்தச்சன்: அப்படியானால் உங்கள் மேசையில் என்ன தீர்ப்பு?

பதில்: நடந்ததைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, 2014 விதியில் ஆடியபோது. உழுத வயலின் நடுவில் ஒரு பலாடின் (கவசமணிந்த புனித வீரர்), அவர் கைகளில் காயம்பட்ட சிறுவன். மண்மேடு ஒன்று வயலைக் கீறிக்கொண்டு அவரை நோக்கி வருகிறது. ஆடியவர் பகடையைக் கீழே வைத்துவிட்டு, "நான் நிற்கிறேன். மூச்சைக் கூட மெதுவாக விடுகிறேன்" என்றார். உண்மையிலேயே நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்துவிட்டார். நான் அவரைப் பதுங்கல் பகடை உருட்டச் சொன்னேன். இரும்புக் கவசம், அதனால் பாதகம். இரண்டு பகடையிலும் நல்ல எண் விழுந்தது. மண்மேடு அவர் காலடியில் வந்து நின்றது. அப்போது சிறுவன் அழ ஆரம்பித்தான்.

அந்தக் காட்சிக்காக 2014 வாசகத்தை நான் என்றும் அப்படித்தான் படிப்பேன்: ஒரு முழுச் சுற்று நகராமல், தாக்காமல், பேசாமல் நின்றால் பதுங்கல் பகடை. 2024-இல் ஆடும்போது அந்தச் சலுகை இல்லை என்று ஆட்டம் தொடங்குமுன்பே சொல்லிவிடுவேன். எந்த வாசகம் என்பதை முதல் நாளே சொல்லுங்கள். பிராணி மண்ணைக் கிழித்து வெளியே வந்த பிறகு சொன்னால் அது தீர்ப்பு ஆகாது.

உறைபனி: இந்த அளவுக்கு ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாற்காலிமேல் ஏறி நின்றால் தப்பலாம் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார், அதற்கு என்ன சொல்வது?

பதில்: நாற்காலி தரையைத் தொடுகிறது, அதிர்வு இறங்கும், தப்ப முடியாது என்பேன். மரத்தில் ஏறியவர் பற்றிக் கேட்டால், மரம் அசைகிறது என்று அதற்குத் தெரியும், கிளையில் எங்கே இருக்கிறார் என்று தெரியாது. இவை என் தீர்ப்புகள். இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள்: ட்ரெமர்சென்ஸ் பார்வை அல்ல. 2024 இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. மண்ணுக்கடியிலிருந்து அதிர்வை மட்டும் நம்பித் தாக்கும் பிராணிக்கு நீங்கள் நிற்கும் கட்டம் தெரியும். ஆனாலும் அது அடிக்கும்போது பாதகம் உண்டு. தெரியாமல் இருப்பது வேறு, ஒளிந்திருப்பது வேறு என்று முதலில் சொன்னேன் அல்லவா? இங்கே வீரர் தெரியவும் இல்லை, ஒளியவும் இல்லை.

கல்லெறி: அப்படியானால் கல்லை எறிந்து அதைத் திசைதிருப்பலாமா?

பதில்: தாராளமாக. தரையில் விழுந்து உருளும் கல் அசையும் பொருள். அதற்காகத்தான் அந்தப் புலன் இருக்கிறது.

இரவுவிளக்கு: டார்க்விஷன் இருந்தால் தீப்பந்தம் தேவையா?

பதில்: நிலவறைவாசிக்கு எழுதியதைப் படியுங்கள்.

பாம்புமுடி: 10 அடி பிளைண்ட்சைட் தரும் பிளைண்ட் ஃபைட்டிங் பயிற்சி எடுத்த என் போர்வீரன் கண்ணை மூடிக்கொண்டு, தன் கண்ணைப் பார்ப்பவரைக் கல்லாக்கும் மெடூசாவோடு சண்டையிட்டால் கல்லாவானா? 2024 விதியில் பிளைண்ட்சைட் "பார்க்கிறது" என்று எழுதியிருக்கிறார்களே?

பதில்: 2014 மெடூசாவின் வாசகம், "மெடூசாவின் கண்களைப் பார்க்க முடிகிற உயிர்" என்பது. 2014 பிளைண்ட்சைட் பார்வையைச் சாராத உணர்வு. இரண்டையும் சேர்த்தால் உங்கள் வீரன் கல்லாக மாட்டான். 10 அடிக்குள் கண்ணை மூடிக்கொண்டே பாதகமில்லாமல் வெட்டலாம், அந்தப் பயிற்சியை எடுத்ததன் பலன் அது. பிளைண்ட்சைட்டுக்கு 2024 "பார்க்கிறது" என்ற சொல்லைக் கொடுத்தது வேறு குழப்பங்களைத் தீர்க்க: கண்ணுக்குத் தெரியும் இலக்கு வேண்டும் என்று கேட்கும் மந்திரங்களைப் பயன்படுத்த. அந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு மெடூசாவிடம் ஓடி வீரனைக் கல்லாக்குவதை நான் ஏற்கமாட்டேன். மூடிய கண்ணுக்குள் எந்தப் பார்வையும் புகாது.

வேடதாரி: நாடக ஒப்பனை போட்டு வேறு ஆளாக வந்தால் ட்ரூசைட் கண்டுபிடிக்குமா?

பதில்: பிடிக்காது. மையும் பொய்த்தாடியும் மாயம் அல்ல. வழக்கமான கவனிப்புப் பகடைதான்.

வலியவாள்: எதிரிக்கு அதிகச் சேதம் தரும் வீரர் வகுப்பு எது?

பதில்: இந்த அமர்வில் அதற்கு இடமில்லை.

வழிகாட்டி: நாங்கள் இதே வகை ஆட்டமான பாத்ஃபைண்டரின் இரண்டாம் பதிப்பை ஆடுகிறோம். அங்கே இதெல்லாம் எப்படி?

பதில்: உங்களைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமை. 2019-இல் வந்த அந்தப் பதிப்பு புலன்களைத் துல்லியம், அரைத்துல்லியம், மங்கல் என்று மூன்று படியாகப் பிரித்துவிட்டது. மனிதனுக்குக் கண் துல்லியம், காது அரைத்துல்லியம், மூக்கு மங்கல். துல்லியப் புலனுக்கு அகப்பட்டால் நீங்கள் வெளிப்படை. அரைத்துல்லியத்துக்கு அகப்பட்டால் எந்தக் கட்டத்தில் நிற்கிறீர்கள் என்று தெரியும். ஆனால் அடிக்குமுன் தனியாக ஒரு பகடை உருட்டி 11 அல்லது அதற்கு மேல் போட வேண்டும், இல்லையென்றால் அடி வீண். மங்கல் புலன் ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும். முதல் பதிலில் நான் கேட்ட மூன்றாவது கேள்வியை அவர்கள் விதியாகவே எழுதிவிட்டார்கள். பிராணியின் குறிப்பில் ட்ரெமர்சென்ஸுக்குப் பக்கத்தில் எந்தப் படி என்றும் எழுதியிருக்கும். கல்தச்சனும் உறைபனியும் அங்கே ஆடியிருந்தால் பாதி வாதம் மிச்சமாகியிருக்கும்.

மூளைக்காரன்: மூளை வடிவப் பிராணியான இன்டலெக்ட் டிவவரர் சுவருக்கு அப்பாலிருந்து எங்களைத் தேடி வந்தது. கண்ணும் இல்லையே?

பதில்: 60 அடி பிளைண்ட்சைட் அதற்கு இரண்டாம் கருவிதான். 300 அடிக்குள் அறிவெண் 3 அல்லது அதற்கு மேல் உள்ள எந்த உயிரையும், இடையில் என்ன தடை இருந்தாலும், இருக்கும் இடத்தோடு அது உணர்கிறது. மனத்தை மறைக்கும் மைண்ட் பிளாங்க் மந்திரம் காக்கும். அறிவெண் 2 உள்ள கழுதையை அதற்குத் தெரியாது. உங்கள் சுமைக்கழுதை பாதுகாப்பாக இருக்கும்.

புதியவன்7: டார்க்விஷன் உள்ளவருக்கு இருட்டில் அடிக்கும்போது பாதகமா?

பதில்: அவருடைய எல்லைக்குள் இல்லை. மங்கல் ஒளி கவனிப்பைத்தான் கெடுக்கும், வெட்டைக் கெடுக்காது. எல்லைக்கு அப்பால் முழு இருட்டு, அங்கே பாதகம் உண்டு. டார்க்விஷன் பற்றி இதோடு நிறுத்திக்கொள்வோம், தயவுசெய்து.

மரப்பட்டை: அக்கா, என் ட்ரூயிட், அதாவது விலங்காக உருமாறும் மந்திரவாதி, எல்ஃப் இனம். எட்டாம் நிலை வந்துவிட்டது, அடுத்த வாரம் முதன்முறையாக வௌவாலாக மாறி ஒரு கோயில் சுரங்கத்துக்குள் போகப்போகிறேன். எல்ஃபின் டார்க்விஷனும் வௌவாலின் பிளைண்ட்சைட்டும் சேர்ந்து கிடைக்குமா? சுவரில் ஏதோ எழுதியிருக்கும் என்று டி.எம். சொல்லியிருக்கிறார்.

பதில்: சேர்ந்து கிடைக்காது. உருமாறும்போது, புதிய உடலுக்கும் அந்தப் புலன் இருந்தாலொழிய உங்கள் சொந்தச் சிறப்புப் புலன்களைப் பயன்படுத்த முடியாது. வௌவாலுக்கு டார்க்விஷன் இல்லை. ஆகவே சுரங்கத்தில் 60 அடிக்குள் உங்களுக்கு எல்லாம் வடிவமாகத் தெரியும்; அதைத் தாண்டி ஒன்றும் தெரியாது. வெளிச்சம் இருந்தால் மட்டும் தொலைவிலும் பார்க்கலாம். ஜெலட்டினஸ் கியூபுக்கு உள்ள "அப்பால் குருடு" என்ற வரி வௌவாலுக்கு இல்லை. அதனால் உங்கள் தோழர் ஒருவரை வாசலில் தீப்பந்தத்தோடு நிற்க வையுங்கள், திரும்பும் வழி கண்ணுக்குத் தெரியும்.

சுவர் எழுத்தைப் பற்றி விதி எதுவும் சொல்லவில்லை. உங்கள் டி.எம்.மிடம் கேளுங்கள். நான் நடத்தினால் இப்படிச் சொல்வேன்: தூண்களின் வரிசை உங்கள் காதில் ஒவ்வொன்றாக முளைக்கிறது. அடுத்து ஒரு சிலை, நீட்டிய கை, கையில் உடைந்த இரண்டு விரல். பக்கத்துச் சுவர் முழுக்க ஆழமான வரிகள், வரிசை வரிசையாக, ஒரு விரல் அகலம். கல்லில் வெட்டிய எழுத்து, எழுத்தெழுத்தாகக் கிடைக்கிறது. அதற்கு எதிர்ச்சுவர் வழுவழுப்பாக, வெறுமையாக இருக்கிறது. அங்கே யாராவது சுண்ணாம்பால் ஏதாவது எழுதியிருந்தால், எல்ஃபாக மாறி, கையில் விளக்கோடு திரும்பி வந்துதான் படிக்க வேண்டும்.